பூலாங்கண்மாய்க்குக் கண்ணீர் அஞ்சலி

மதுரையில் ஒருவர் இறந்துபோனால் முதலில் டாக்டர் சொல்ல வேண்டும், அடுத்தது முகமது யாசீன் சொல்ல வேண்டும். தெற்கு வெளி வீதியில் ஒரு லாட்ஜ் மாடிப்படிக்கு அடியில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவன் அடித்துக் கொடுக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறினால்தான் சொந்தக்காரர்களுக்கே சாவு உறுதியாகும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கலெக்டருக்கு மனு என்று எல்லாமும் அடிப்பான். எதற்கு எந்த வார்த்தை என்பது அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. மனு என்றால் 'தாழ்மையுடன்' இல்லாமல் தொடங்காது. பிறந்தநாள் என்றால் 'சிங்கமே' இல்லாமல் முடியாது. ஒன்றின் வார்த்தையை இன்னொன்றில் போட்டுவிடாமல் இத்தனை வருஷம் பிழைப்பை ஓட்டியது தன் சாமர்த்தியம்தான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் காளை. கப்பலூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற பூலாங்கண்மாய்க் கரையில் விவசாயம் பார்க்கிறவர். யாசீனைப் பெற்ற அத்தாவும் அவரும் மச்சான் முறை சொல்லிப் பழகியவர்கள் என்பதால் யாசீன் அவருக்கு மாப்ள, அவர் யாசீனுக்கு மாமா. அந்தக் கண்மாயின் மடைக்கு ஒரு திருகும் பூட்டும் உண்டு. சாவியை ஊரார் காளையிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் திறந்துவிட்டால்தான் அத்தனை பேர் வயலுக்கும் தண்ணீர் பாயும்.

பெருமைதான். ஆனால் இந்த வருஷம் அந்தச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டு அவரை நிம்மதியாகச் சாப்பிடக்கூட விடவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக வந்த ஒரு சாயக் கம்பெனியின் கழிவு, கோடையில் ஓடை வழியாக வந்து கண்மாயில் இறங்கியது. ஒரு நாள் தண்ணீர் ஊதாவாக இருந்தது, மறுநாள் ஒரே நுரை. அப்புறம் ஐப்பசி மழை கொட்டி, கண்மாய் நிரம்பி, பார்க்கத் தெளிந்த மாதிரி ஆகிவிட்டது. தெளிந்துவிட்டதா, தெளிந்த மாதிரி இருக்கிறதா என்பதுதான் விவகாரம். கரைக்கடியில் இருந்த ஆழ்துளைப் போர்த் தண்ணீரில் காளை விட்டிருந்த நாற்று நடவுக்குத் தயாராகிவிட்டது. போரில் வருவது நாற்றங்காலுக்குக் காணும், வயலுக்குக் காணாது. மடையைத் திறந்து, தண்ணீர் கெட்டதாக இருந்துவிட்டால் ஊர் வயலே பாழ். திறக்காமல் விட்டால் நாற்று முற்றி வீணாகப் போகும். ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"மாப்ள, எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதேன்," என்று கடைக்கு வந்து உட்கார்ந்தார் காளை. "மடையத் திறக்கவா, வேணாமா? இதக் கேட்டு கலெக்டருக்கு ஒரு மனு அடிச்சுக் குடு."

"இம்புட்டுத்தானே மாமா? இந்தா, இப்பவே."

யாசீன் அடித்தான். தலைப்பில் 'தண்ணீரைக் காப்போம், தலைமுறையைக் காப்போம்' என்று ஒரு வரியை வைத்து, தாழ்மையுடன் தொடங்கி, தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொண்டு முடித்தான். வாசித்துக் காட்டும்போது அவனுக்கே புல்லரித்தது. காளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நான் கேட்டத எங்கப்பா கேட்டிருக்க?"

"அதெல்லாம் ஆவன செய்றதுக்குள்ள வந்துரும் மாமா. கலெக்டர்கிட்டப் போயி திறக்கவா, மூடவான்னு மொட்டையாக் கேக்க முடியுமா?"

கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மனுவுக்குப் பதிலாகக் காளையின் செல்லுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுவிட்டதாம். அதற்கு மேல் அந்தத் துறை மூச்சு விடவில்லை.

காளையின் மகள் கனகலட்சுமி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய்த் தன் சாரிடம் கொடுத்தாள். சார் நல்ல மனுஷன், சும்மாவே சோதித்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்ததால் அதுவும் யாசீனின் மேஜைக்கே வந்தது. தண்ணீர் எடுத்த இடம், அன்றைய வெயில், என்ன மிஷினில் பார்த்தார்கள் என்பதெல்லாம் பத்தி பத்தியாக இருந்தது. கடைசியில் இருந்ததைக் கஷ்டப்பட்டுத் தமிழாக்கிக் காளைக்குச் சொன்னான்: சில கூறுகள் வரம்பை மீறியும், சில கூறுகள் வரம்புக்குள்ளும் காணப்படுகின்றன, மேலும் விரிவான ஆய்வு தேவை.

"அப்பத் திறக்கலாம்ங்கிறாரா?"

"அப்படிச் சொல்லல மாமா."

"திறக்கக் கூடாதுங்கிறாரா?"

"அப்படியும் சொல்லல. இன்னும் ஆராயணும்ங்கிறாரு."

"சரி. நாத்துக்கிட்டப் போயிச் சொல்றேன், கொஞ்சம் வளராம இரு, சாரு ஆராயணுமாம்னு."

இதற்குள் ஒரு நிருபர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். 'பூலாங்கண்மாயில் நுரை, விவசாயிகள் வேதனை' என்று பேப்பரில் வந்தது. "வேதனைப்படுறவன் நான். அது எனக்கே தெரியாதாக்கும்," என்றார் காளை. வாட்ஸப்பிலும் ஒன்று சுற்றியது. விஷக் கண்மாய், அதிர்ச்சித் தகவல் என்று ஏழெட்டு ஆச்சரியக்குறியோடு வந்த அதில் இருந்த படத்தில் படகும் தென்னந்தோப்பும் இருந்தன. பூலாங்கண்மாயில் படகு விட்டவன் யார்? படிக்கிறவர்களைச் செய்யச் சொல்லி அதில் இருந்த ஒரே காரியம், பத்துப் பேருக்கு அனுப்புவது.

இத்தனைக்கும் நடுவே அந்தச் சாயக் கம்பெனியிலிருந்தே ஓர் ஆள் யாசீனைத் தேடி வந்துவிட்டார். மரம் நடு விழாவாம், பெரிய பிளக்ஸ் வேண்டுமாம். பச்சைப் பசேலென்று பின்னணி வைத்து, இரண்டு கையில் ஒரு செடியை ஏந்துகிற படத்தை வைத்து, யாசீன் நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தான். அவன் மனைவி ஹஃபீஸாவும் கடையில் கூட உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்தான். பிரிண்டுக்கு அனுப்பும் முன்பு ஒரு தடவை படித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு.

"மச்சான், இந்தத் தண்ணீரைக் காப்போம் வரியத்தானே காளை மாமா மனுவுல போட்டீங்க?"

யாசீன் எட்டிப் பார்த்தான். அதே வரி. கை தானாகக் காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறது.

"ரெண்டுக்கும் பொருத்தமாத்தானே இருக்கு," என்றான்.

"அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டுக்கும் எப்படிங்க பொருந்தும்?" என்றாள் ஹஃபீஸா. பிறகு நேராகவே கேட்டாள். "எல்லாத்தையும் அடிச்சது நீங்க. உங்களுக்கு என்ன தோணுது? அந்தத் தண்ணி நல்லதா, கெட்டதா?"

யாசீன் யோசித்துப் பார்த்தான். மனுவை அடிக்கும்போது கெட்டது என்று தோன்றியது. ரிப்போர்ட்டை மொழிபெயர்க்கும்போது அரைகுறையாகக் கெட்டது என்று தோன்றியது. பிளக்ஸ் அடிக்கும்போது உலகமே சுத்தமாக இருப்பதுபோல் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜுமுஆ பயானில் ஹஜ்ரத், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போதுகூடத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சொன்னார். அது ஒன்றுதான் அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் அது நல்ல தண்ணீரைப் பற்றி. அன்று முழுக்க எதை எடுத்தாலும் தப்புத் தப்பாக அடித்தான். ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டான். ஹஃபீஸா கண்ணில் பட்டதால் மானம் தப்பியது.

அடுத்த முறை வந்தபோது காளையின் முகம் வாடிப்போயிருந்தது. நாற்று நுனியில் பழுக்க ஆரம்பித்துவிட்டதாம்.

"மாப்ள, யோசிச்சுப் பாத்தேன். மனுவுக்கு எவனும் வரல. பேப்பருக்கும் வரல. ஆனா எழவுன்னா சனம் வருது பாத்தியா? போட்டது போட்டபடி வருது. கண்மா செத்துப்போச்சுன்னு ஒரு கண்ணீர் அஞ்சலி அடி. நாலு ஊரு சனம் கரையில வந்து நிக்கட்டும். நின்னு பாத்து, திறக்கலாமா வேணாமான்னு ஒரு முடிவச் சொல்லட்டும்."

யாசீனுக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. இதுவரைக்கும் யாரும் கேட்காத வேலை. அதுவும் அவன் கை தேர்ந்த வேலை. 'தோற்றம்: முன்னோர் காலம். மறைவு: நம் காலம்' என்று அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து தன்னையே மெச்சிக்கொண்டான். அஞ்சலி செலுத்தும் இடம் கண்மாய்க் கரை, கண்ணீர் சிந்தும் பூலாங்கண்மாய்ப் பாசன விவசாயிகள் என்று கீழே போட்டான். இனி நடுவில் போட்டோதான் பாக்கி. அஞ்சலி போஸ்டரில் போட்டோவுக்கு முட்டை வடிவில் ஓர் இடம் விட்டிருக்கும். கண்மாயோ அகலம். முட்டைக்குள் அடங்காமல் இந்தப் பக்கம் வெறும் வானமும் அந்தப் பக்கம் வெறும் கரையுமாக விழுந்தது. கடைசியில் கனகலட்சுமி அனுப்பிய படம் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. பின்னால் தண்ணீர் தளும்பி நிற்க, முன்னால் காளை தோளில் துண்டோடு நின்றார்.

"மச்சான், வட்டத்துக்குள்ள ஆளு நிக்கிறாரு," என்றாள் ஹஃபீஸா.

"கீழ கொட்டை எழுத்துல கண்மாய்னு போட்டிருக்கேன்ல?"

"அதை யாரு படிப்பா?"

எழுத்தை நம்பிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? யாசீனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினான்.

போஸ்டர் ஒட்டுகிறவன் சிவபாண்டி. அஞ்சலி போஸ்டர் என்றால் ஒட்டும் முன்பு அவன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: சொந்தபந்தம் எங்கெங்கே இருக்கிறது? செத்தவர் வீட்டுப் பக்கம் ஒட்டி என்ன பிரயோசனம், அங்கேதான் எல்லாருக்கும் தெரியுமே? சம்பந்தி வீட்டு முக்கு, தங்கச்சி வீட்டு பஸ் ஸ்டாப் என்று பார்த்து ஒட்டுவதுதான் தொழில் மரியாதை. அன்றும் வழக்கம்போல் போன் போட்டுக் கேட்டான். ஆதரவுக்குக் கூப்பிடத்தான் கேட்கிறான் என்று நினைத்த காளை, தங்கச்சி விளாங்குடியில், பெரியப்பா மக்கள் நாகமலை புதுக்கோட்டையில் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே போன் அடித்தது. போஸ்டரின் அடியில் பிரஸ் நம்பர் இருக்குமே.

"பாய், எப்ப எடுக்குறாங்க?"

"எதை எடுக்குறாங்க?"

"என்ன பாய், காளையத்தேன். நாங்க வந்து சேர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்லுங்க."

 யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே யாசீன் காளைக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. ஹஃபீஸா பைக் சாவியை எடுத்து நீட்டினாள். நான் அப்பவே சொன்னேன் என்று அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கரையோரம் இரண்டு வேன்கள் நின்றன. ஷேர் ஆட்டோக்கள் வந்துகொண்டிருந்தன. காளையின் தங்கை அழகம்மாள் தலையை விரித்துப்போட்டு, "என்னப் பெத்த அண்ணே, என்னய விட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு கரைமேல் ஓடி வந்துகொண்டிருந்தாள். எதிரே, வந்த கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், "வாங்க, வாங்க" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு காளை நின்றிருந்தார்.

அழகம்மாள் அவரைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே கையால் அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"உசுரோடவா இருக்க? விளாங்குடி பஸ் ஸ்டாப்ல உன் மூஞ்சியப் பாத்து நான் ரோட்டுலயே விழுந்தேன்டா, பாவி!"

அழுகையும் சிரிப்பும் திட்டும் ஒரே நேரத்தில் எழுந்தன. யார் போஸ்டர் அடித்தது என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் யாசீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.  நாலைந்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள்.

"அவன ஒண்ணும் சொல்லாதீக. நாந்தேன் அடிக்கச் சொன்னேன்," என்று காளை குறுக்கே வந்தார். "செத்தது நானில்ல. கண்மா. அதைப் பாக்கத்தேன் உங்களக் கூப்பிட்டேன்."

எல்லோரும் கண்மாயைப் பார்த்தார்கள். காலை வெயிலில் அது தளும்பிக்கொண்டு, நாலைந்து கொக்கோடு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"நல்லாத்தேன இருக்கு?" என்றார் ஒருவர். "கடல் மாதிரி கெடக்கு. இதுக்கா எங்கள அலையவிட்ட?" என்றார் இன்னொருவர். காளையின் முகம் விழுந்துவிட்டது. அவர் கேட்ட முடிவு கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. திறக்கலாம். யாசீனுக்கும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கினது சரியா என்றும் தெரியவில்லை.

சனம் கிளம்பத் தயாரானபோது அழகம்மாள்தான் சொன்னாள்.

"எங்க கிளம்புறீக? கேதத்துக்கு அழுதாச்சுல்ல? குளிக்காம வீட்டுக்குள்ள போறதா?"

"ஆளுதேன் உசுரோட இருக்காரே," என்றான் வேன் டிரைவர்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். நான் அழுத அழுக எழவு அழுகதேன? மாரடிச்சேன்ல? தலைய விரிச்சேன்ல? வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு, தீட்டோட எப்படி உள்ள போவேன்?"

அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பக்கம் அப்படித்தான். சாவுக்கு அழுதவர்கள் தலையில் தண்ணீர் விடாமல் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். செத்தவர் பிழைத்து எதிரே நின்றால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையிலிருந்து கீழே இறங்கினார்கள். அழகம்மாள் முன்னால் போனாள். சின்ன வயசில் நீச்சல் அடித்த கண்மாய் அவளுக்கு.

முழங்கால் வரை இறங்கினாள். அடிச் சேறு கலங்கியது. கலங்கினதும் அதற்குள்ளிருந்து மை போல ஒன்று மேலே வந்து விரிந்தது. நாற்றம் கரையில் நின்ற யாசீன் வரைக்கும் வந்து மூக்கில் ஏறியது. அழகம்மாள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். காலில் முழங்கால் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. சேலையால் துடைத்தாள், போகவில்லை. பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக மேலே ஏறினார்கள்.

"இரு, இரு, போரப் போட்டுவிடுறேன்," என்று காளை ஓடினார். மோட்டார் ஓடியது. குழாயில் தண்ணீர் பளிங்காக வந்து விழுந்தது. அழகம்மாள் இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். தலைக்குக் கொண்டுபோகும் முன்பு நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இது எங்கேருந்து ஊறி வருது?"

காளை கண்மாயைத் திரும்பிப் பார்த்தார். கண்மாய்க் கரைக்கு அடியில் இருக்கிற போருக்கு வேறு எங்கிருந்து ஊறும்? அழகம்மாள் கையை மெல்ல விரித்தாள். தண்ணீர் கீழே போனது.

"நாங்க தீட்டோடயே போயிக்கிறோம்ண்ணே," என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் மனசு நோகக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். சனம் வேன்களில் ஏறியது. 

எல்லோரும் போன பிறகு கரையில் இரண்டு பேர்தான் மிச்சம். யாசீன் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். காளை அதற்குள் கேட்டுவிட்டார்.

"மாப்ள, நீ எனக்கு எம்புட்டோ அடிச்சுக் குடுத்த, வாசிச்சுக் காட்டுன. அதுல எதுலயாச்சும் 'காளை, மடையத் திறக்காத'ன்னு ஒரு வார்த்த இருந்துச்சா?"

யாசீன் ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். மனு கலெக்டரைப் பார்த்துப் பேசியது. ரிப்போர்ட் இன்னொரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேசியது. பிளக்ஸ் நெடுஞ்சாலையில் போகிற கார்களிடம் பேசியது. போஸ்டர் யாரிடம் பேசியது என்று அடித்தவனுக்கே தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்காக உருகின. சாவி வைத்திருந்த மனுஷரிடம் ஒன்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது.

"இல்ல மாமா."

"ம்."

காளை மடைப் பக்கம் போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்றங்காலுக்கு நடந்தார். யாசீன் பின்னாலேயே போனான். நுனி மட்டும் லேசாகப் பழுத்து, மற்றபடி நாற்று கண்ணைப் பறிக்கிற பச்சையில் நின்றது. வரப்பில் கட்டிக் கிடந்த பசு அவரைப் பார்த்ததும் எழுந்து கழுத்தை நீட்டியது.

"சரி, நடவுக்கு ஆகாது. இத வீணாப் போட வேணாம், மாட்டுக்காச்சும் அறுத்துப் போட்டுருவோம்," என்று கதிரரிவாளை எடுத்துக் குனிந்தார். ஒரு பிடி நாற்றை இடது கையில் பிடித்தார். அப்படியே நின்றார்.

"மாப்ள. போர்த் தண்ணியிலதேன வளந்துச்சு இது?"

"ஆமா மாமா."

"மாடு திங்கலாமா இத?"

யாசீனுக்குத் தெரிந்த வார்த்தைகள் அத்தனையும் வாய் வரைக்கும் வந்தன. ஒன்றுகூட அந்தக் கேள்விக்கு ஆகவில்லை.

"தெரியல மாமா," என்றான்.

காளை பிடித்த பிடியை விடவில்லை, அறுக்கவும் இல்லை. பசு கயிறு இழுபடுகிற மட்டும் முன்னால் வந்து நின்றது.